பெரிய பாய்: சித்தூர் நாகையாவின் கலையும் வாழ்வும்

வடக்கிலிருந்து வரும் வண்டியாயினும் மேற்கிலிருந்து வரும் வண்டியாயினும் பேசின் பிரிட்ஜைத் தொடாமல் சென்னை சென்ட்ரலுக்குள் நுழைவதில்லை. கூடூர்ப் பாதையும் அரக்கோணப் பாதையும் ஒன்றுசேரும் இடம் அது. சென்ட்ரலில் தளம் காலியாகும் வரை வண்டிகள் இங்கே நின்று பெருமூச்சு விடும். மூட்டை முடிச்சுகளைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கும் பயணிகள், கால்வாயையும் கரையோரக் குடிசைகளையும் பார்த்தபடி காத்திருப்பார்கள். ஒரு காலத்தில் ஆந்திரத்து ஊர்களிலிருந்து பாட்டும் நடிப்புமே மூலதனமாகச் சென்னைக்கு வந்தவர்களும் இப்படித்தான் வந்தார்கள். சித்தூர் வி. நாகையா என்று தென்னகம் முழுதும் அறிந்த நடிகருக்கும் சென்னைக்கான தலைவாசல் இதுவே.

நம் இதழில் ஒரு சினிமா நடிகரைப் பற்றிக் கட்டுரையா என்று வாசகர் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அது நியாயமான கேள்வியே. திரைப்படத்தைத் தம் வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திய பெரியவர்கள் நம் குடும்பங்களில் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய தயக்கத்தை நாம் இகழவில்லை. ஆனால் நாம் திரையைப் பார்க்கிறோமோ இல்லையோ, திரை நம்மைக் காட்டிக்கொண்டேயிருக்கிறது. நம்மைப் பற்றி அது என்ன சொல்கிறது என்பதை அண்டை வீட்டார் பார்க்கிறார்கள். பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு மறுநாள் நம் முகத்தைப் பார்க்கிறார்கள். ஆகவே இது பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. நம் முகத்தை யார், எப்படி எழுதினார்கள் என்ற பேச்சு. அப்படி எழுதியவர்களுள் முதன்மையானவர், நம் மார்க்கத்தைச் சாராத, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நாகையா என்பதே இக்கட்டுரைக்குக் காரணம்.

1904-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள், அன்றைய குண்டூர் மாவட்டத்து ரேபல்லெயில் அவர் பிறந்தார். வளர்ந்ததும் மேடையேறியதும் சித்தூரில். அதனால் ஊர்ப்பெயர் முன்னொட்டாயிற்று. பத்திரிகைப் பணியும் விடுதலைப் போராட்ட ஈடுபாடும் இளமையில் அவரைத் தொட்டுச் சென்றன. 1938-இல் ‘கிருஹலக்ஷ்மி’ என்ற தெலுங்குப் படத்தின்வழித் திரைக்கு வந்தார். அடுத்த ஆண்டே வாகினியின் ‘வந்தே மாதரம்’ அவரைக் கதாநாயகனாக்கிற்று. பி.என். ரெட்டியின் இயக்கத்தில் 1940-இல் வந்த ‘சுமங்கலி’யில், சீர்திருத்தச் செம்மல் கந்துகூரி வீரேசலிங்கத்தை நினைவூட்டும் முதியவராக நடித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு! காதல் நாயகனாகத் திரையில் நிலைத்திருக்கக்கூடிய வயதில் நரைத்த தலையோடும் தளர்ந்த நடையோடும் அவர் தோன்றினார். பின்னாளில் அவரைச் சூழ்ந்துகொண்ட முதுமையும் சான்றாண்மையும் அன்றே தொடங்கிவிட்டன எனலாம்.

அதன்பின் அடியார்களும் ஞானிகளும் வரிசையாக வந்தனர். 1942-இல் ‘பக்த போதனா’, 1946-இல் அவரே இயக்கி நடித்த ‘தியாகய்யா’, 1947-இல் ‘யோகி வேமனா’. பாடத் தெரிந்தவர், இசையமைக்கவும் தெரிந்தவர், ஆகவே அந்த வேடங்களில் குரலும் முகமும் ஒரே ஊற்றிலிருந்து வந்தன. தமிழ் மக்கள் அவரை முதலில் பெரிய அளவில் அறிந்தது 1941-இல் வெளிவந்த ‘அசோக்குமார்’ படத்தில். எம்.கே. தியாகராஜ பாகவதர் குணாளனாகவும், பி. கண்ணாம்பா திஷ்யரட்சகையாகவும் நடிக்க, நாகையா அசோகச் சக்கரவர்த்தியாக வந்தார். 1945-இல் ‘மீரா’வில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் மீராவுக்கு மேவார் ராணாவாக நின்றார். பாடுவதில் ஈடு இணையற்றவர்கள் என்று பெயர் பெற்ற இருவருக்கு எதிரே நின்று அவர் குன்றிவிடவில்லை. காரணம், அவர்களோடு அவர் போட்டியிடவில்லை. எதிரே இருப்பவர் பேசும்போது கேட்டுக்கொண்டு நிற்பதும் நடிப்பே என்பதை அறிந்த நடிகர்கள் மிகச் சிலரே. அச்சிலருள் அவர் ஒருவர்.

இனி நம் செய்திக்கு வருவோம். தமிழ்த் திரையில் முஸ்லிம் என்பவர் நெடுங்காலம் வேறெங்கோ வாழ்ந்தவர். 1950-இல் ‘லைலா மஜ்னு’, 1955-இல் ‘குலேபகாவலி’, 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1960-இல் ‘பாக்தாத் திருடன்’ என்று வந்த படங்களில் தலைப்பாகையும் வாளும் குகையும் அரண்மனையும் இருந்தன. நம் தெரு இல்லை. அந்த முஸ்லிம் பாக்தாதில் இருந்தார், பாரசீகத்தில் இருந்தார். தண்டையார்பேட்டையில் கடை வைத்திருக்கவில்லை. புளியந்தோப்பில் வாடகை கொடுக்கவில்லை. பேசின் பிரிட்ஜ் பணிமனையில் எண்ணெய்க் கறையோடு வேலை பார்க்கவில்லை. நம் ஊர் முஸ்லிம் திரையில் எப்போதாவது தலைகாட்டினால், அவர் வாயில் உடைந்த தமிழைத் திணித்து அரங்கைச் சிரிக்க வைப்பது வழக்கமாயிருந்தது. சீறாப்புராணம் தந்த உமறுப்புலவரின் வழித்தோன்றல்களுக்கு இது நேர்ந்தது! இராயபுரத்தை ஒட்டிய மண்ணில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்கள் பாடிய தமிழ் எத்தகையது என்பதை அறிந்தவர்க்கு அந்தக் கேலித் தமிழ் நெஞ்சில் முள்ளாகத் தைக்கும்.

நாடக மேடையின் கதையும் இங்கே நினைக்கத் தக்கது. சென்ட்ரலிலிருந்து பேசின் பிரிட்ஜை நோக்கி வரும் வால்டாக்ஸ் சாலையில் ஒற்றைவாடைக் கொட்டகை இருந்ததையும், அங்கே நாடகக் குழுக்கள் பல ஆடியதையும் முதியோர் அறிவர். அந்த நாடக யுகத்தின் பெருங்கலைஞருள் ஒருவர் டி.எஸ். ராஜமாணிக்கம். ‘பக்த ராமதாஸ்’ நாடகத்தில் கோல்கொண்டா நவாபாக நடித்ததனால் ‘நவாப்’ என்பதே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பின்னாளில் வில்லன் வேடங்களில் புகழ்பெற்ற எம்.என். நம்பியார் இளமையில் பயின்றது அக்குழுவில்தான். அந்த நவாப் யார்? கோல்கொண்டாவின் கடைசிச் சுல்தான், தானீஷா என்று மக்கள் அழைத்த அபுல் ஹசன் குதுப்ஷா. அரசுப் பணத்தை எடுத்துப் பத்ராசலத்தில் கோயில் எழுப்பிய கோபண்ணா என்ற அதிகாரியைச் சிறையிலிட்டவராக மேடை அவரைக் காட்டும். அதே சுல்தானின் அவையில் மாதண்ணாவும் அக்கண்ணாவும் ஆகிய அந்தணச் சகோதரர் இருவர் உயர் அமைச்சர்களாக இருந்தார்கள் என்பதும், 1687-இல் ஔரங்கசீப்பின் படையிடம் நாட்டை இழந்து சிறையிலேயே அவர் வாழ்நாள் முடிந்தது என்பதும் வரலாறு. மேடைக்கு அவ்வளவு வரலாறு தேவைப்படவில்லை.

இதே ராமதாசரின் கதையை நாகையா 1964-இல் தெலுங்கில் தாமே இயக்கி நடித்தார். அப்படத்தில் கபீராகத் தோன்றிய கும்மடிக்கு முகம்மது ரஃபி பாடினார். ராம பக்தி பேசும் தெலுங்குப் படத்தில் ஒரு முஸ்லிம் பாடகரின் குரலைத் தேடிப் பிடித்து அமர்த்தியதை நாம் சிறு செய்தியாகக் கருதவில்லை. ஒரு கலைஞனின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை இத்தகைய தேர்வுகளே காட்டும்.

ஆயினும் நாகையா நம் மக்கள் நெஞ்சில் இடம்பிடித்தது அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே. 1961-ஆம் ஆண்டு மார்ச் 16-இல் வெளிவந்தது ‘பாவமன்னிப்பு’. ஏ. பீம்சிங் இயக்கம்; கண்ணதாசன் பாடல்கள்; விசுவநாதன் ராமமூர்த்தி இசை. சிவாஜி கணேசன், ஜெமினி கணேசன், சாவித்திரி, தேவிகா, எம்.ஆர். ராதா, எஸ்.வி. சுப்பையா என்று பெரிய அணி. பெற்றோரைப் பிரிந்த ஒரு குழந்தை முஸ்லிம் பெரியவர் ஒருவரிடம் வளர்ந்து ரஹீம் ஆகிறான். இன்னொரு குழந்தை ஜேம்ஸ் என்ற கிறிஸ்தவரிடம் வளர்ந்து மேரி ஆகிறாள். ரஹீமை வளர்த்த இஸ்மாயில், ஊரார் வாயில் ‘பெரிய பாய்’. அந்த வேடம் நாகையாவுக்கு வாய்த்தது. டி.எம். சௌந்தரராஜனோடு இசைமுரசு நாகூர் ஹனீபா இணைந்து பாடிய பெருநாள் பாட்டு அப்படத்தில்தான் ஒலித்தது. அல்லாஹ்வின் திருப்பெயர் தமிழகத்துக் கொட்டகைகளில் எல்லாச் சமயத்தாரும் தாளம் போட்டுக் கேட்கும்படி ஒலித்த நாள்கள் அவை.

அந்த வேடத்தில் நாகையா செய்தது என்ன? அவர் செய்யாமல் விட்டவற்றிலிருந்து தொடங்குவதே முறை. தொப்பியையும் தாடியையும் தடவித் தடவித் தாம் முஸ்லிம் என்று அறிவிக்கவில்லை. தமிழை உடைக்கவில்லை. தெலுங்கின் இளஞ்சாயல் படிந்த தம் இயல்பான மென்தமிழிலேயே பேசினார். அந்த மென்மை வேடத்துக்கு ஊனமாகவில்லை. நிறைய யோசித்து, குறையப் பேசும் ஒரு பெரியவரின் இயல்பாக அது படிந்துவிட்டது. எம்.ஆர். ராதாவை எண்ணிப் பாருங்கள். கரகரப்பும் கீச்சும் மாறிமாறி வரும் குரல், நிலைகொள்ளாத உடம்பு, ஒவ்வொரு சொல்லிலும் ஒரு கொக்கி. அந்தக் கதையில் தீமை அசைந்துகொண்டேயிருக்கிறது. நன்மை அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. நாகையா நின்றார். தோளைச் சற்றே குனித்து, கண்ணைத் தாழ்த்தி, சொல்லுக்கு முன்னே ஒரு கணம் மௌனம் வைத்து அவர் பேசும்போது, எதிரே இருப்பவரின் குரலும் தானே தாழும். அதட்டாமல் வீட்டை ஆளும் பெரியவர்களைக் கண்டவர்கள் நம்மில் பலர். அந்தப் பெரியவர்களை அவர் எங்கே கண்டாரோ, நன்றாகவே கண்டிருக்கிறார்.

அந்த வேடம் நம் மார்க்கத்தின் ஒரு நுட்பமான இடத்தைத் தொட்டு நிற்பதையும் சொல்ல வேண்டும். அனாதையைப் பேணி வளர்ப்பவர் சுவனத்தில் தமக்கு எவ்வளவு அணுக்கமாயிருப்பார் என்பதை, நாயகம் (ஸல்) அவர்கள் இரு விரல்களைக் காட்டி உணர்த்தினார்கள். அதே வேளை, வளர்த்தவர் தம்மைப் பெற்றவராக்கிக் கொள்வதை நம் மார்க்கம் ஏற்பதில்லை. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களைப் பெற்ற தந்தையரின் பெயராலேயே அழைக்க வேண்டும் என்பது திருமறையின் அஹ்ஸாப் அத்தியாயம் தரும் கட்டளை. நாயகத்தின் அன்புக்குரிய ஜைது (ரலி) அவர்களின் வரலாறு அதனோடு பிணைந்தது. அன்பு எல்லையின்றி இருக்கலாம், உரிமை எல்லை கடக்கக்கூடாது என்பதே அதன் சாரம். கதை எழுதியவர்கள் இதையெல்லாம் எண்ணினார்களா என்பது வேறு. பிள்ளையைத் தன் உடைமையாகப் பற்றிக்கொள்ளாத ஓர் அன்பை நாகையாவின் முகம் காட்டிற்று. ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தைக் காப்பவரின் பார்வை அது. நடிகருக்கு மார்க்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை; மனிதரைத் தெரிந்திருந்தால் அது தானே வந்து சேரும்.

இவ்வளவு புகழ்ந்தபின், குறையையும் சொல்லாவிட்டால் விமர்சனம் விமர்சனமாகாது. பெரிய பாய் நல்லவர், நல்லவர் மட்டுமே. அவருக்கென்று ஓர் ஆசை, ஒரு சினம், ஒரு சறுக்கல் கதையில் இடம்பெறவில்லை. பிறர் வாழ்வைக் காப்பதற்கென்றே அவர் படைக்கப்பட்டிருக்கிறார். மூன்று சமயங்களையும் ஒரே தட்டில் நிறுத்திக் காட்டும் கணக்கில் அவர் ஓர் எண். அந்த எண்ணுக்கு உயிர் வந்தது நாகையாவால், எழுத்தால் அன்று. அதன்பின் வந்த படங்கள் எத்தனையோ அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரை விட்டுவிட்டன. நாயகனுக்கு ஆபத்து நேர்ந்தால் கதவைத் திறக்கும் பாய், அவனுக்காக உயிரையும் கொடுக்கும் பாய், கொடுத்தபின் கதையிலிருந்து மறைந்துவிடும் பாய். அவர் வீட்டில் என்ன சமைத்தார்கள், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போனான், கடன்காரன் எப்போது வந்தான் என்று ஒருவரும் கேட்டதில்லை.

நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றை இங்கே சொல்வது பொருந்தும். நம் அத்தா பேசின் பிரிட்ஜில் ரயில்வே ஊழியர். வாழ்நாளில் ஒரு படமும் பார்த்ததில்லை. 1961-இல் அந்தப் படம் ஓடிய நாள்களில், உடன் வேலை பார்த்தவர்கள் அவரைப் ‘பெரிய பாய்’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். அன்பான அழைப்புத்தான், மதிப்பான அழைப்பும்கூட. ஆனால் அவருக்கு அது விளங்கவில்லை. மாமுவுடன் திருட்டுத்தனமாகப் படம் பார்த்துவிட்டு வந்திருந்த நம்மை ஒருநாள் இரவு அருகே அழைத்து, “அந்தப் பாய் படத்துல என்னதான்டா செய்றாரு?” என்று கேட்டார். அடி விழும் என்று அஞ்சியிருந்த நாம், தெரிந்தவரை கதையைச் சொன்னோம். முழுவதையும் கேட்டுவிட்டு, “அவருக்கு மூணு மணி நேரம் நல்லவரா இருந்தாப் போதும். இனிமே நான் பணி முடியற வரைக்கும் இருக்கணுமாக்கும்” என்று சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு அது நமக்கு வேடிக்கையாகவே பட்டது.

ஆண்டுகள் சென்றன. அத்தா ஓய்வு பெற்று முதுமை எய்தினார். 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டுகள் வெடித்த பின்னான நாள்களில், அவர் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடைக்குள் நுழைந்தபோது பேச்சு நின்றது. எவரும் கடுஞ்சொல் சொல்லவில்லை. இருக்கை தந்தார்கள், தேநீரும் வந்தது. பேச்சு மட்டும் நின்றது. வீட்டுக்கு வந்து அதை ஒரே வாக்கியத்தில் சொன்னார். பிறகு அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நல்ல பாய் என்ற பட்டம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பது அன்று நமக்கு விளங்கிற்று. அதற்கு ஆறாண்டுகள் முன்னே வந்த ‘ரோஜா’வும், அதைத் தொடர்ந்த படங்கள் பலவும், தொழுகை விரிப்பையும் துப்பாக்கியையும் ஒரே சட்டத்துக்குள் வைத்துக் காட்டப் பழகியிருந்தன. 2012-இல் ‘துப்பாக்கி’ வந்தபோதும், 2013-இல் ‘விஸ்வரூபம்’ வந்தபோதும் நம் அமைப்புகள் குரல் எழுப்பியதை வாசகர் அறிவர். முழு நல்லவர், முழுத் தீயவர் என்ற இரு வேடங்களும் ஒரே குறையின் இரண்டு பக்கங்கள் என்பதே நம் கருத்து. இரண்டிலும் முஸ்லிம் ஒரு மனிதராக இல்லை. ஒரு கருத்தாக இருக்கிறார். இன்று அப்துல் காலிக் என்ற பெயரோடு ஒரு நாயகன் 2021-இல் ‘மாநாடு’ படத்தில் ஓடியாடித் திரிவதைக் காணும்போது சற்றே காற்று வருகிறது. வேண்டுவது அத்தகைய இயல்பே. நாகையா 1961-இல் தம் முகத்தாலும் குரலாலும் கொண்டுவந்த இயல்பை எழுத்தும் கொண்டுவர வேண்டும்.

நடிகரின் வாழ்வுக்குத் திரும்புவோம். நல்லவர் என்ற கூண்டில் அடைபட்டவர் நம் அத்தா மட்டும் அல்லர். நாகையாவும் அதே கூண்டில் இருந்தார். போதனாவாகவும் தியாகய்யாவாகவும் வேமனாவாகவும் அவரைக் கண்ட மக்கள், திரைக்கு வெளியிலும் அவரை அப்படியே எதிர்பார்த்தார்கள். கேட்டவர்க்கு இல்லையென்னாத கை அவருடையது என்பதைத் திரையுலகம் ஒருமுகமாகச் சொல்லும். உச்சத்தில் இருந்த காலத்தில் பெரும் ஊதியம் வாங்கியவர். சொந்தப் படங்கள் எடுத்தவர். 1953-இல் தெலுங்கிலும் தமிழிலும் ‘என் வீடு’ எடுத்தவர். சொந்தத் தயாரிப்புகள் தந்த நஷ்டமும், கணக்குப் பாராத ஈகையும், சுற்றியிருந்தோர் காட்டிய நன்றியின்மையும் சேர்ந்து அவரை வெறுங்கையராக்கின. 1965-இல், சிவாஜி கணேசனுக்கு ஓராண்டு முன்பே, ‘பத்மஸ்ரீ’ விருது அவரைத் தேடி வந்தது. ஆனால் பதக்கம் அடுப்பை எரிக்காது. ஒருகாலத்தில் கதையைத் தாங்கியவர், கடைசி ஆண்டுகளில் கிடைத்த சிறு வேடங்களை ஏற்று வாழ்ந்தார். 1973 டிசம்பர் 30-ஆம் நாள் சென்னையில் மறைந்தார். பின்னர் தியாகராய நகர்ப் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை எழுந்தது.

இது அவர் ஒருவரின் கதையன்று. ‘பாவமன்னிப்பு’க் கதையோடு தொடக்கத்தில் தொடர்பு கொண்டிருந்த சந்திரபாபு, 1966-இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ எடுத்துத் தம் செல்வத்தை இழந்தார். அப்படத்தில் நடித்த சாவித்திரி 1971-இல் ‘பிராப்தம்’ எடுத்து நொடித்தார், 1981-இல் மறைந்தார். ‘அசோக்குமார்’ காலத்தில் தமிழகத்தையே தம் குரலால் கட்டிப்போட்ட பாகவதரும் 1959-இல் மறைந்தபோது பழைய செல்வத்தோடு இல்லை. நடிப்பதற்குக் கூலி வாங்கும் வரை வாழ்ந்தவர்கள், தாமே முதலாளியாகிப் படமெடுக்கப் புகுந்தபோது வீழ்ந்தார்கள். திரைத்தொழில் நெடுங்காலமாக வட்டிப் பணத்தில் ஓடும் தொழில். படம் ஒரு மாதம் தாமதமானால் வட்டி ஒரு மாதம் வளரும். படம் ஓடாவிட்டாலும் வட்டி ஓடும். வட்டியை ஏன் நம் மார்க்கம் இவ்வளவு கடுமையாக விலக்கிற்று என்று கேட்கும் இளைஞர்களுக்குத் திரையுலகின் வரலாற்றைக் காட்டினால் போதும். நூல்களில் படிப்பதைவிட அது தெளிவாக விளங்கும்.

ஈகையைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். வள்ளல் ஒருவர் வறியவரானார் என்று கேட்டதும் நாம் உள்ளம் உருகிப் புகழத் தொடங்கிவிடுகிறோம். அந்தப் புகழ்ச்சியில் ஒரு வஞ்சகம் உண்டு. கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முழுவதும் விரித்துவிட்டுப் பழிக்கும் வருத்தத்துக்கும் ஆளாகி உட்காரவும் வேண்டாம் என்ற கருத்தைத் திருமறை கற்பிக்கிறது. நோயுற்றிருந்த சஅது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் தம் செல்வம் அனைத்தையும் தருமமாக்க விழைந்தபோது, மூன்றில் ஒரு பங்கே போதும், அதுவும் மிகுதியே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வதே மேல் என்றும் அறிவுறுத்தினார்கள். ஈகைக்கு அளவு கற்பித்த மார்க்கம் நம்முடையது. அது கருமித்தனம் அன்று. கொடுப்பவரையும் காக்கும் கருணை. கொடுப்பவர் அழிந்துபோனால் நாளை கொடுக்க யார் இருப்பார்?

ஆனால் குற்றத்தைக் கொடுத்தவர் தலையில் மட்டும் ஏற்றுவது நியாயமாகாது. வாங்கியவர்கள் எங்கே போனார்கள்? ஒரு மனிதரை ‘மகான்’ என்று சொல்லிச் சொல்லியே அவரிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிவிடலாம். நல்லவர் மறுக்கமாட்டார் என்பது எல்லாருக்கும் தெரியும். மறுத்தால் நல்லவர் என்ற பெயர் போய்விடும் என்பது அவருக்கும் தெரியும். தேநீர்க் கடையில் நம் அத்தாவுக்கு நேர்ந்ததும், திரையுலகில் நாகையாவுக்கு நேர்ந்ததும் அளவில் வேறு, தன்மையில் ஒன்றே. ஒருவரை மனிதராக ஏற்காமல் நன்மையின் உருவமாக மட்டும் ஏற்பவர்கள், அவருக்குத் தேவை வரும்போது அருகே இருப்பதில்லை. உருவங்களுக்குப் பசி இராது என்பது அவர்கள் எண்ணம். பின்னர் சிலை வைப்பது அவர்களுக்கு எளிது.

நம் மஹல்லாக்களிலும் இத்தகைய பெரியவர்கள் உண்டு. எவர் வீட்டுத் திருமணத்துக்கும் முதல் ஆளாய் ஓடுபவர், எவர் மய்யித்துக்கும் தோள் கொடுப்பவர், கேட்டவர்க்கெல்லாம் கைமாற்றாகக் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க நாணுபவர். அவரைப் புகழ நமக்கு நாக்கு நீளும். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கக் கை நீள்கிறதா? ‘பாவமன்னிப்பு’ என்ற சொல்லின் பொருள் நமக்குப் புதிதன்று. தவ்பாவின் நிபந்தனைகளுள் ஒன்று, மனிதருக்குச் செலுத்த வேண்டிய உரிமையைச் செலுத்திவிடுவது. அது செலுத்தப்படாத வரை கண்ணீர் மட்டும் போதாது என்பதே ஆலிம்கள் கற்பித்தது.

நாகையா இருநூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். அவற்றுள் நம் மக்கள் பெரும்பாலோர் அறிந்தது ஒன்றே. அந்த ஒன்றில் அவர் நமக்குச் செய்த நன்மை பெரிது. பாக்தாதில் திரிந்த முஸ்லிமை நம் தெருவுக்கு அழைத்து வந்து, கேலி இல்லாமல் பேச வைத்து, எல்லாச் சமயத்து வீடுகளும் அவரைத் தம் வீட்டுப் பெரியவராகக் காணும்படி செய்தார். வேற்று மார்க்கத்தவர் ஒருவர் நம் முகத்தை இவ்வளவு கண்ணியமாகச் சுமந்தார் என்பதற்கு நாம் நன்றி சொல்லியாக வேண்டும். மனிதர்க்கு நன்றி பாராட்டாதவர் இறைவனுக்கும் நன்றி பாராட்டியவராகார் என்பது நபிமொழி தரும் பாடமல்லவா?

பேசின் பிரிட்ஜில் வண்டிகள் இன்றும் நின்று நின்றே செல்கின்றன. வடசென்னையின் பழைய கொட்டகைகள் பல இல்லை. அத்தாவும் இல்லை. அவர் மறைந்த அன்று, பணிமனையில் அவரோடு உழைத்த முதியவர் ஒருவர், நம் மார்க்கத்தவர் அல்லர், கோலூன்றி வந்து வாசலில் நின்றார். “பெரிய பாய் போயிட்டாரா?” என்று மட்டும் கேட்டார். பிறகு சட்டைப்பையில் கைவிட்டு, எப்போதோ வாங்கிய கைமாற்று என்று சொல்லி, மடித்து வைத்திருந்த நோட்டுகளை நம் கையில் திணித்தார். எவ்வளவு என்று நாம் எண்ணவில்லை. அந்தக் கடனைப் பற்றி அத்தா நம்மிடம் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் மறந்திருக்கலாம், வாங்கியவர் மறக்கவில்லை. அத்தகையோர் உள்ள வரை நம் தெரு வாழும். வல்ல இறைவன் நம்மையும் அவ்வாறு கடன் மறவாதவர்களாக ஆக்கியருள்வானாக. ஆமீன்.